ஸ்டெல்லா வாசலில் மாதா

பையன் பைக்குக்கு ஷெட் போட்டிருக்கிறான். நாலு இரும்புக் கால், மேலே தகரம். எனக்குப் போட்டிருந்தால்கூட இவ்வளவு அக்கறை இருந்திருக்காது. மத்தியானம் அதன் கீழே போய் நின்றேன். சூடேறிய தகரத்துக்கு ஒரு வாசம் உண்டு. பழைய காசை வாயில் போட்டால் வருமே, அது. உங்களுக்குத் தெரியாது என்றால் தெரியாமலே இருங்கள், நல்லது. நான் அந்த வாசத்துக்குள் குடியிருந்தவன்.

சுனாமிக்கு அப்புறம் எங்கள் குப்பத்தையே மகாபலிபுரத்துக்கு வடக்கே, சவுக்குத் தோப்பு ஓரம் தகரக் கொட்டகைகளில் கொண்டுபோய் வைத்தார்கள். வரிசை வரிசையாக. ஒரு தகரத்துக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் ஸ்டெல்லா. அவள் இருமினால் நான் மருந்து குடிக்கலாம், அவ்வளவு நெருக்கம்.

முதல் சில மாதம் எங்களை நேசிக்காத ஆளே கிடையாது. வேன் வேனாக வந்தார்கள். எனக்கு ஒரு கம்பளிக் கோட்டு கிடைத்தது, சித்திரை வெயிலில். என் பெண்சாதிக்குக் குதிகால் உயர்ந்த செருப்பு, இரண்டும் இடது கால். மனசு ஆறும் என்று கலர் பென்சில் கொடுத்துப் படம் வரையச் சொன்னார்கள். கடலை வரைந்தேன். அழகாக இருக்கிறது என்றார்கள். பிறகு வேன் நின்றது. நேசமும் நின்றது.

மிச்சம் இருந்தவர் எங்கள் பங்குச் சாமியார். கருங்குழிப் பக்கத்துக்காரர், கடல் பார்க்காத ஊர். அலையைக் கண்டால் இரண்டடி பின்னால் போய் நிற்பார். பணமும் இல்லை, கோட்டும் இல்லை. பிரசங்கமும் சுமார்தான். தினம் சாயங்காலம் மொபெட்டில் வந்து நிற்பார். தெரிந்த வித்தை அது ஒன்றுதான்.

அக்டோபர் வந்தது. செபமாலை மாதம். அந்த மாதம் மாதா சுரூபம் கோயிலில் தங்காது, வீடு வீடாகப் போகும். ஒரு வீட்டில் ஒரு நாள். சாயங்காலம் எல்லாரும் அங்கே கூடிச் செபமாலை சொல்வோம், சுண்டல் தின்போம். மறுநாள் அடுத்த வீட்டுக்காரிக்கு அந்த வீட்டுப் பொம்பிளை தன் கையால் எடுத்துக் கொடுக்க வேண்டும். வேறு ஆள் தொடக்கூடாது. யார் போட்ட சட்டம் என்று கேட்காதீர்கள். போட்டவர் செத்துவிட்டார், சட்டம் சாகவில்லை.

எங்கள் வீட்டுக்கு அடுத்தது ஸ்டெல்லா வீடு, அதற்கு அடுத்தது ரோசி வீடு. அவள் புருஷன் சேவியரைக் கடல் கொண்டுபோயிருந்தது. உடம்புகூடக் கிடைக்கவில்லை. மகளை அண்ணன்காரன் படிக்க வைக்கிறேன் என்று செங்கல்பட்டுக்குக் கூட்டிப் போய்விட்டான். வேன் வந்தவரை அதில் வந்தவர்களோடு சண்டை போட்டுக்கொண்டாவது இருந்தாள். அது நின்றதும் கதவைச் சாத்தினாள்.

என் பெண்சாதி தகரத்தில் காதை வைத்தாள். "இன்னிக்கும் அடுப்பு பத்த வெக்கல. தீக்குச்சி கிழிக்கிற சத்தமே இல்லய்யா. ஏதாச்சும் பண்ணிக்கப் போறா, நீ பாரு."

சாமியாருக்குக் கூடமாட கோயில் வேலை பார்க்கும் உபதேசியார் விவரமானவர். "சாமி, அவ மாதாவையே கண்டமேனிக்குத் திட்டிகினு கீறா. இன்னாத்துக்குப் பேஜாரு? தாண்டி ரோசி வூட்டுக்குப் போயிடலாம்" என்றார்.

"தாண்டறதுன்னா நீங்களே போங்க. நான் வரல" என்றார் சாமியார்.

உபதேசியார் உடனே வேறு யோசனை சொன்னார். வாசலில் ஒரு ஸ்டூல் போட்டு மாதாவை வைத்தால் அவளே மனசிளகி எடுத்துக்கொள்வாளாம். என் பெண்சாதி வைத்தாள். கதவு திறக்கவில்லை. குரல் மட்டும் வந்தது.

"என் புருசன அலை இஸ்துகினு போனப்போ உங்க மாதா எங்க போயிருந்தா? சந்தைக்கா?"

நாங்கள் சாமியாரைப் பார்த்தோம். படித்தவர், பதில் வைத்திருப்பார்.

"எனக்குத் தெரியாதும்மா" என்றார். செமினரியில் அத்தனை வருஷம் படித்த படிப்பு.

அப்புறம்தான் எங்கள் மூளை வேலை செய்தது. மாதா இப்போது ஸ்டெல்லா வீட்டுக் கணக்கு. அவள் எடுத்துக் கொடுக்காமல் ரோசி தொட முடியாது. மாதா மாட்டிக்கொண்டாள், கூடவே நாங்களும். தினம் சாயங்காலம் மொத்தக் கூட்டமும் மூடின கதவுக்கு முன்னால் சாக்கை விரித்து உட்கார்ந்தது. தன் முறைக்கென்று ரோசி ஊறவைத்த கடலை முளைவிட்டது. "எப்பத்தான் என் வூட்டுக்கு வருமோ" என்று முனகிக்கொண்டே அதை அவித்து அங்கேயே கொண்டுவந்தாள். ஒரு தட்டு ஸ்டெல்லா கதவோரம் வைத்தோம். முதல் நாள் நாய் தின்றது. நல்ல பக்தியோடு தின்றது.

பாட்டு எடுத்தது நான். ஒரு நாள் உள்ளேயிருந்து தகரத்தைத் தட்டினாள். "யோவ், மாதாவுக்கே காது நோவும்யா!" என் குரலால் திருச்சபைக்கு விளைந்த நன்மை அந்த ஒன்றுதான். மறுநாள் காலை தட்டு கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.

பிறகு மழை பிடித்தது, செபமாலை நடுவில். எல்லாரும் கூரை ஓரம் ஒதுங்கினோம். மாதா ஸ்டூலிலேயே நனைந்தாள். தூக்கலாமா கூடாதா என்று உபதேசியாரும் ரோசியும் வாதாடினார்கள். தார்ப்பாய் போட்டால் தொட்டதாகுமா என்று ஒரு கிளைச் சந்தேகம்.  சாமியார் கதவையே பார்த்தார்.

கதவு திறந்தது.

"அறிவு கீதா உங்களுக்கு? இம்மாம் பேரு நின்னுகினு வேடிக்கை பாக்குறீங்க. பொம்பள நனையிறா!" தூக்கினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "நான் ஒண்ணும் சமாதானம் ஆவல. மழ வுட்டதும் ரோசி வந்து வாங்கிகினு போவட்டும்."

"டீ கிடைக்குமாம்மா?" என்றார் சாமியார்.

"சக்கர இல்ல."

"பரவால்ல."

தகரத்தில் மழை அடிக்கிற அடியில் எதுவும் கேட்காது. ஆனாலும் தீக்குச்சி கிழித்தது எனக்குக் கேட்டது. சர்க்கரை இல்லாத அந்த டீயைப் போல மோசமான டீயை நான் குடித்ததில்லை. இரண்டு தம்ளர் குடித்தேன்.

கொட்டகைகளை எப்போதோ பிரித்துவிட்டார்கள். எங்களுக்குக் கான்கிரீட் வீடு வந்தது. சுவர் கெட்டி, பக்கத்தில் யார் செத்தாலும் தொந்தரவு இல்லை. சாமியாரை மாற்றினார்கள். மகளுக்கு சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் கம்பெனி வேலை கிடைத்ததும் ஸ்டெல்லாவும் அவளோடு போய்விட்டாள். போகிற வரைக்கும் அவள் சமாதானம் ஆகவில்லை. பூசைக்கு வந்து கடைசி வரிசையில் முறைத்துக்கொண்டு உட்காருவாள்.

மாதா இப்போதும் அக்டோபரில் வருகிறாள். வேன், சீரியல் பல்பு, மைக் செட். இரண்டு இளைஞர்கள் கையுறை போட்டு இறக்குகிறார்கள். வீட்டுக்கு இத்தனை நிமிஷம் என்று கணக்கு. யாரையும் காக்க வைப்பதில்லை. கதவு சாத்தியிருந்தால் இரண்டு தரம் ஹாரன் அடிக்கிறார்கள். அப்புறம் அடுத்த வீடு.