இரண்டு பைல்களும் ஒரு சீடியும்

நான் சொன்னதில் பிழையில்லை. இன்றைக்கு யாராவது கேட்டாலும் அதையேதான் சொல்வேன். அதுதான் என்னை வதைக்கிறது.

யுத்தம் மறுபடி தொடங்கிய வருடம். திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்தபடி இருந்த ஒரு நிவாரண அலுவலகத்தில், இடம்பெயர்ந்த குடும்பங்களைப் பதிவதற்கான மென்பொருளை எழுதிக்கொண்டிருந்தேன். குடாவுக்கு அக்கரையில், மூதூருக்கும் தெற்கே இருந்த ஈச்சிலம்பற்றுக் கிளையில் வேலை செய்தவர் ஒரே ஒருவர்தான். அண்ணை என்று கூப்பிடுவேன். மனைவியோடும் நாலு வயது மகளோடும் அங்கேயே இருந்தார். என் கொம்பியூட்டரில் விண்டோஸ். அவருடையது யாரோ கழித்துவிட்ட பழசு, அதில் லினக்ஸ். இங்கே கொம்பைல் செய்தது, அதாவது நிரலை ஓடும் மென்பொருளாக மாற்றியது, அங்கே ஓடாது. மூலநிரலைக் கொண்டுபோய் அவரே அங்கே கொம்பைல் செய்ய வேண்டும்.

அதற்காக அண்ணை இரண்டு பைல் எழுதி வைத்திருந்தார், விண்டோஸுக்கு ஒன்று, லினக்ஸுக்கு ஒன்று. எந்தப் பகுதியை எந்த ஒழுங்கில் சேர்ப்பது என்று ஒவ்வொரு வரியாகத் தானே எழுதியது. அதைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். புதிதாக ஒரு பகுதி சேர்த்தால் இரண்டிலும் எழுத வேண்டும், ஒன்றில் மறந்துபோகும், பிறகு அரை நாள் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டும். நான் புதிய கருவி ஒன்றைத் தெரிவு செய்தேன். ஒருமுறை விவரித்துவிட்டால் இரண்டுக்கும் வேண்டியதை அதுவே எழுதிக்கொள்ளும். ஆனால் அந்தக் கருவியை இரண்டு கொம்பியூட்டரிலும் நிறுவ வேண்டும். ஈச்சிலம்பற்றில் இணையம் இல்லை, சீடியில்தான் போக வேண்டும்.

அவருக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

"தங்கச்சி, என்ர பைலோட இஞ்ச ஓடுது தானே. கொஞ்ச நாளைக்கு அப்பிடியே விடுவம். பிள்ளைக்குக் காய்ச்சல், இந்தக் கிழமை வர ஏலாது."

"உங்கட பைலால எத்தினை தரம் பட்டனாங்கள் அண்ணை? காலமை வந்து எடுத்துக்கொண்டு போங்கோ. பின்னேரம் வீட்ட நிப்பீங்கள்."

பிறகு "ஓம், வாறன்" என்றார். மறுத்துப் பேசத் தெரியாத மனிதர். அது எனக்குத் தெரியும், தெரிந்துதான் கேட்டேன்.

மூதூரிலிருந்து குடாவைக் கடக்கும் காலை லோஞ்சுப் படகில் வந்தார். பெருமையோடு கருவியை ஓட்டிக் காட்டினேன். "வடிவாத்தான் இருக்கு தங்கச்சி" என்று சிரித்தார். சீடியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு புறப்படும்போது குடாவுக்கு அப்பால் செல் குண்டுகள் விழத் தொடங்கின. லோஞ்சை நிறுத்திவிட்டார்கள். ஈச்சிலம்பற்றுத் தொலைபேசியும் அன்றோடு செத்துப்போனது.

அதன்பிறகு தினமும் இறங்குதுறைக்குப் போய், சீடியோடு திரும்பி வருவார். ஈச்சிலம்பற்றுச் சனம் வெருகல் ஆற்றைத் தாண்டித் தெற்கே நடந்ததாகச் செய்தி வந்தது. யார் யார் என்று சொல்ல ஒருவருமில்லை. அண்ணை என்னை ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருந்தால் கொஞ்சம் தாங்கியிருப்பேன்.

மென்பொருள் தயாரானதும் முதல் பதிவைத் தானே போடுவதாகக் கேட்டுக் கதிரையில் இருந்தார். தன் பெயர், மனைவியின் பெயர், மகளின் பெயர், வயது. மனைவி, மகளுக்கு நேரே 'தற்போதைய இருப்பிடம்' என்ற கட்டத்தில் விரல் நின்றது. வெறுமையாக விட்டுச் சேமிக்கப் பார்த்தார். நிரல் ஒத்துக்கொள்ளவில்லை. எந்தக் கட்டமும் வெறுமையாக இருக்கக் கூடாது என்ற விதியையும் நான்தான் எழுதியிருந்தேன்.

திரும்பி என்னைப் பார்த்தார். "தங்கச்சி, இதில நான் என்ன போடுறது?"

அந்த விதியை நிரலிலிருந்து நீக்கினேன். புதிய கருவியைத் தொட மனம் வரவில்லை. அண்ணை எழுதிய பைலை வைத்தே திரும்பக் கொம்பைல் செய்தேன். ஒரு பிழையும் காட்டவில்லை.

கட்டத்தை வெறுமையாக விட்டுச் சேமித்தார். நான் அந்த வேலையை விடும்வரை அது வெறுமையாகவே இருந்தது.