வாங்கில் இருக்கிற பிள்ளை

மகனின் பள்ளி ஃபுட்போல் மைதானத்தில் யாரோ வலித்தைலம் பூசினார்கள். அந்த நெடி ஏறியதும் வோபர்ன் பகுதியில் இருந்த எங்கள் பழைய வீட்டின் கீழ்த்தள பேஸ்மென்றுக்கே போய்விட்டேன்.

எண்பதுகளின் நடுவில் அங்கே டேவ் வாடகைக்கு இருந்தான். கனடிய ஃபுட்போல் அணியொன்றில் இரண்டாவது குவாட்டர்பேக். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் முதலாமவனுக்கு அடிபட்டால்தான் இவன் இறங்கலாம். இரண்டு வருடமாக மைதான ஓரத்து வாங்கில்தான் உட்கார்ந்திருந்தான். இந்த முறையும் ஆடாவிட்டால் அணியிலிருந்து நிறுத்திவிடுவார்களாம். போட்டிக்கு முதல் நாள் தைல நெடி படியேறி வரும். அம்மா கீழே அனுப்பிய புட்டும் தொடாமலே திரும்பி வரும்.

விளக்கேற்றிவிட்டு அம்மா தடுமாறுவாள். "அவன் விளையாடவேணுமெண்டு கும்பிட்டால், மற்றப் பிள்ளைக்கு அடிபடவேணுமெண்டெல்லே கும்பிடுறன்?"

ஒருநாள் தொலைக்காட்சியில் முதலாமவன் விழுந்தான். எழும்பவில்லை.

"இஞ்சேரும், ஓடிவாரும்! எங்கட டேவ் இறங்கிறான்!" என்று அப்பா கத்தினார். ஓடிவந்த அம்மா ஸ்ட்ரெச்சரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதன்பின் டேவ்தான் முதலாமவன். அம்மாவோ அவன் எறியும் பந்தைப் பார்ப்பதில்லை. வாங்கில் புதிதாக வந்திருந்த பையன் திரையில் தெரிந்தால் போதும், அப்பாவிடம் கேட்பாள்.

"உவன்ர தாய் இப்ப என்ன கும்பிடுறாளோ?"

மகனின் பள்ளியில் விசில் ஒலித்தது. மைதானத்தில் ஒரு பிள்ளை புல்லில் கிடந்தான். வாங்கிலிருந்த என் மகன் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு, திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தான்.

எனக்கு முன்வரிசையில், விழுந்தவனின் தாய் எழுந்து நின்றாள்.