சொர்ணம்மா கழுவிய இறால் ஓடு

இருபத்தாறு வருஷமாக நான் யுனிவர்சிட்டி கெமிஸ்ட்ரி டிபார்ட்மென்ட்டில் லேப் அசிஸ்டென்ட். பெயர் ஹரிகிருஷ்ணன், வீடு ரெட்டியார்பாளையம். இங்கே டாக்டர் பட்டம் வாங்கிப் போனவர்கள் உடைத்த குடுவைகளை எல்லாம் கூட்டி அள்ளியவன் என்பதால், படித்தவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு, பயம் கிடையாது. நான் பயந்தது ஒரே ஒரு ஆளிடம்தான். அது தேங்காய்த்திட்டு சொர்ணம்மா.

ஐந்தடிக்கும் குறைவான உயரம், ஐம்பத்து மூன்று வயது. காலையில் துறைமுகத்தில் மீன் ஏலம் எடுப்பார். ஏலம் விடுகிறவன் ஒரு பேச்சுக்குக் கூடையை இழுத்து வேறு பக்கம் வைத்தாலும், இவர் வாயில் அவன் பரம்பரையே திண்டாடிப் போகும். பிறகு ஷேர் ஆட்டோவில் கூடையோடு ஏறி தவளக்குப்பம் மார்க்கெட்டில் உட்காருவார். மத்தியானம் திரும்பிவந்து இறால் உரிக்கும் பெண்களோடு சேர்ந்துகொள்வார். வீட்டுக்காரர் பஞ்சநாதன் விசைப்படகில் போகிறவர். அவர் பேசி நான் கேட்டதில்லை. பேச அவருக்கு இடம் கிடைத்திருக்காது.

நான் முதன்முதலில் சொர்ணம்மாவைப் பார்த்தது தவளக்குப்பத்தில்தான். சங்கரா மீன் ஒன்றை எடுத்து, செவுளைத் தூக்கிப் பார்த்தேன். எல்லாரும் செய்வதுதானே?

"இன்னா தூக்கித் தூக்கிப் பாக்குற? அதுக்கு இன்னா ஜுரமா?" என்றார். "டாக்டர்தான் பாக்கணும்னா எங்க வூட்ல ஒருத்தி டாக்டரா வரப்போறா, இன்னும் கொஞ்ச நாள்ல. அவகிட்ட காட்டு."

அந்த டாக்டர் யார் என்று விசாரித்தால், எங்கள் டிபார்ட்மென்ட்டில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த சங்கவி! தினமும் பார்க்கிற பெண். அம்மா என்ன செய்கிறார் என்று யாராவது கேட்டால் "பிசினஸ்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கிற பெண். நான் அதை வெளியே சொல்லவில்லை. அவளுக்கும் நான் தெரிந்துகொண்டது தெரியும். அப்படியே இரண்டு பேரும் விட்டுவிட்டோம்.

சங்கவியின் ஆராய்ச்சியைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். இறால் ஓட்டை ஆசிட்டில் ஊறவைத்து, காஸ்டிக் சோடாவில் வேகவைத்து, கழுவிக் காயவைத்தால் வெள்ளையாக ஒரு பொடி கிடைக்கும். சாயப்பட்டறைக் கழிவுத் தண்ணீரில் அதைப் போட்டால், சாயத்தைப் பிடித்துக்கொண்டு அடியில் படிந்துவிடும். மேலே தெளிந்த தண்ணீர். குப்பையில் போகிற ஓட்டை வைத்து விஷத் தண்ணீரைச் சுத்தம் செய்வது. எனக்கே பிடித்த வேலை. முதல் நாலு வருஷம் அமோகமாக நடந்தது. இறால் பதப்படுத்தும் கம்பெனி ஒன்றிலிருந்து ஓடு வந்துகொண்டிருந்தது, பொடியும் சொன்னபடி கேட்டது.

திடீரென்று அந்தக் கம்பெனியை மூடிவிட்டார்கள். "இதுக்கா மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கினு வந்த? நான் குடுக்குறேன் எறா ஓடு" என்று சொர்ணம்மா மகளிடம் சொல்லிவிட்டார். கரும்பு தின்னக் கூலியா? எங்கள் பேராசிரியை சிவசங்கரி மேடத்துக்கும் சந்தோஷம். நன்றாகக் கழுவி, வெயிலில் காயவைத்துக் கொண்டுவரச் சொன்னோம். சங்கவி மட்டும் அம்மாவிடம் தனியாக ஒன்று சொல்லியிருந்தாள். "உள்ள வராத, கேட்லயே ஹரி சார்கிட்ட குடுத்துட்டுப் போம்மா."

அப்படித்தான் நடந்தது. மாதம் இரண்டு முறை நான் கேட்டுக்குப் போவேன். சொர்ணம்மா குளித்து, தலை பின்னி, பூ வைத்து, இஸ்திரி போட்ட புடவையில் நிற்பார். கையில் ஒரு துணிக்கடைப் பை. அதற்குள் இறால் ஓடு. பையைத் திறந்து மூக்கை உள்ளே விட்டாலும் நாற்றம் வராது. இறால் ஓட்டில் நாற்றம் இல்லை என்றால் எனக்கு உறைத்திருக்க வேண்டுமா, இல்லையா? எனக்கு உறைக்கவில்லை. இந்தம்மாவுக்கு எவ்வளவு சுத்தம் என்று வீட்டில் போய் மெச்சிக்கொண்டேன்.

அந்த ஓடு வந்த நாளிலிருந்து பொடி சண்டித்தனம் செய்ய ஆரம்பித்தது.

நீலச் சாயத் தண்ணீரில் போட்டால், நீலம் குறைந்து தண்ணீர் பச்சையாகி நிற்கும். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை. காஸ்டிக் சோடாவில் ஓட்டைப் போட்டதும் குபீரென்று சிவக்கும், வேகவேக மங்கும். இறாலுக்கே இயற்கையாக ஒரு சிவப்பு நிறம் உண்டு, கடல் இறாலுக்கு அது அதிகமாக இருக்கலாம் என்று மேடம் சொன்னார். சரி என்று அதைப் போக்க ஒரு வழி, போகவில்லை என்று இன்னொரு வழி. காஸ்டிக் சோடாவை மாற்றினோம். தண்ணீரைச் சந்தேகப்பட்டோம். கலரை அளக்கும் மெஷினைச் சந்தேகப்பட்டு மெக்கானிக்கை வரவழைத்தோம். நான் குடுவைகளைச் சரியாகக் கழுவுவதில்லையோ என்று என்னைக்கூட ஒரு வாரம் சந்தேகப்பட்டார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

எட்டு மாதம் இப்படியே ஓடிவிட்டது. சங்கவிக்கு இரண்டு தடவை நீட்டிப்புக் கொடுத்தாகிவிட்டது. ஏப்ரல் இருபத்து நாலாம் தேதி கமிட்டி உட்காரும், அவர்கள் முன்னால் பொடி வேலை செய்து காட்ட வேண்டும், இல்லையென்றால் பதிவு ரத்து என்று கடிதம் வந்துவிட்டது. ஐந்து வருஷப் படிப்பு டாக்டர் பட்டம் இல்லாமல் முடிந்துவிடும். அதற்குமேல் ஒன்று. ஏப்ரல் பதினைந்தில் மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பித்துவிடும். விசைப்படகு கடலுக்குப் போகாது, இரண்டு மாதத்துக்கு இறாலும் வராது.

ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி காலையில் சொர்ணம்மா போன் செய்தார். அந்தக் குரலை அவ்வளவு சின்னதாக நான் கேட்டதில்லை.

"அண்ணே, ரெண்டு நாளா அவ சோறு துன்னல. படிப்பே வேணாம், வுட்டுடுறேன்னு சொல்றா. நீங்களாச்சும் சொல்லக் கூடாதா?"

"நான் சொன்னா கேக்க மாட்டா. சோத்த எடுத்துக்கினு நீங்களே வாங்க" என்றேன்.

மத்தியானம் கேரியரோடு கேட்டில் வந்து நின்றார். வழக்கம்போலப் பூ, இஸ்திரிப் புடவை. அங்கேயே கொடுத்துவிட்டுத் திரும்பப் பார்த்தார். நான் விடவில்லை. "அவ உள்ள அழுதுகினு இருக்கா. நீங்க இங்கருந்து எத்தன கேரியர் குடுத்தாலும் பிரயோஜனம் இல்ல, வாங்க" என்று இழுக்காத குறையாகக் கூட்டிப்போனேன். ஏலத்தில் அத்தனை பேரை அடக்குகிற பெண், எங்கள் வராந்தாவில் சுவரோரமாக நடந்தார்.

சங்கவி மேஜைமுன் உட்கார்ந்திருந்தாள். முன்னால் பெரிய பீக்கர். அப்போதுதான் ஓட்டைக் காஸ்டிக் சோடாவில் போட்டிருந்தாள். ரத்தச் சிவப்பாக நின்றது. சொர்ணம்மா மகளைப் பார்க்கவில்லை, பீக்கரைப் பார்த்தார்.

"யாருக்குடி ஆலாத்தி கரைச்சு வெச்சிருக்க?"

"ஆரத்தி இல்லம்மா. அது எறாவோட கலரு."

"யார்கிட்ட சொல்ற? முப்பது வருஷமா எறா உரிக்கிறேன். எறாச் செவப்பு எனக்குத் தெரியாதா? இது மஞ்சளும் சுண்ணாம்பும் சேந்த செவப்புடி."

அந்தக் குரல் கேட்டு மேடம் பக்கத்து அறையிலிருந்து வந்துவிட்டார். பீக்கரைப் பார்த்தார், சொர்ணம்மாவைப் பார்த்தார். பிறகு ஒரு சொட்டு சிவப்பை வெள்ளைத் தட்டில் எடுத்து, அதன்மேல் ஒரு சொட்டு ஆசிட் விட்டார். சிவப்பு பளிச்சென்று மஞ்சளாக மாறியது. மேடம் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். கல்யாணத்துக்குக் கல்யாணம் பார்க்கிற ஆரத்தி. காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும் என்பதைப் பாடம் நடத்துகிறவர்கள் நாங்கள். கண்ணெதிரே எட்டு மாதமாக இருந்தும் எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

"மஞ்சள்தான். நீலத்துல இது கலந்துதான் தண்ணி பச்சையாச்சு" என்றார் மேடம். "ஆனா இதுல மஞ்சள் எப்படி வரும்?"

சொர்ணம்மாவின் முகம் மாறிக்கொண்டே போனது.

"கொஞ்சமாத்தான் போட்டேன்" என்றார்.

சங்கவி எழுந்துவிட்டாள். "எதுல?"

"ஓடு கழுவுறப்ப. தண்ணில மஞ்சத் தூளப் போட்டு ஒரு கொதி விட்டு எடுப்பேன். நாத்தம் போவணும்ல? மஞ்சள் போடாம எவ மீன் கழுவுவா?"

கழுவச் சொன்னவர்கள் நாங்கள். எதில் கழுவ வேண்டும் என்று எங்களில் யாரும் சொல்லவில்லை. ஓடு மஞ்சளாக இருந்ததையும் வெயிலில் காய்ந்த நிறம் என்றே விட்டுவிட்டோம்.

"எட்டு மாசம்மா!" என்று சங்கவி கத்தினாள். "எட்டு மாசமா எல்லாத்தையும் மாத்திப் பாத்துட்டேன்! யாரக் கேட்டு மஞ்சள் போட்ட நீ?"

சொர்ணம்மா திருப்பிக் கத்துவார் என்று நான் இரண்டடி பின்னால் போனேன். அவர் கத்தவில்லை.

"ஆறாங்கிளாஸ்ல உன் பக்கத்துல ஒக்காந்தப்ப அந்தப் பொண்ணு மூக்கப் பொத்திக்கிச்சுன்னு அழுதுகினு வந்தியே. சோப்பு போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சு கையெல்லாம் செவந்துபோச்சு உனக்கு. என்னாலதான அந்த நாத்தம்? இங்கயும் உன்ன யாரும் அப்டி ஒதுக்கக் கூடாதுன்னுதான் போட்டேன். எனக்கு வேற இன்னா தெரியும்?"

கேட்டிலேயே கொடுத்துவிட்டுப் போகச் சொன்னது யார் என்று சங்கவிக்குத் தெரியும், எனக்கும் தெரியும். எனக்கு அழுகை வந்துவிட்டது. வேலை இருப்பதுபோல் ஜன்னல்பக்கம் போய் நின்றுகொண்டேன்.

மேடம்தான் முதலில் சுதாரித்தார். "அம்மா, தடைக்காலத்துக்கு இன்னும் மூணு நாள் இருக்கு. மஞ்சள் இல்லாத ஓடு வேணும். நல்ல தண்ணியில அலசினா போதும், வேற ஒண்ணும் போடக் கூடாது. முடியுமா?"

"நாறுமே!"

"நாறட்டும்."

சொர்ணம்மா மகளைப் பார்த்தார். சங்கவி தலையை ஆட்டினாள். "நாத்தத்தோட எடுத்துக்கினு வாம்மா. உள்ளயே எடுத்துக்கினு வா."

மறுநாள் மத்தியானம் எங்கள் டிபார்ட்மென்ட்டில் நடந்ததை இன்றைக்கும் பேசுகிறார்கள். தேங்காய்த்திட்டில் இறால் உரிக்கும் பெண்கள் அத்தனை பேரிடமும் ஓட்டை வாங்கி, ஈரம் சொட்டச் சொட்ட நாலு சாக்கில் கட்டி, சொர்ணம்மா ஆட்டோவில் வந்து இறங்கினார். பூ இல்லை, இஸ்திரி இல்லை. முந்தானையை இழுத்துச் செருகியிருந்தார். ஒரு சாக்கைத் தலையில் தூக்கிக்கொண்டு பெரிய வாசல் வழியாக நடுவராந்தாவில் நடந்து வந்தார். பின்னால் ஒரு சாக்கோடு நான். நாற்றம் எங்களுக்கு முன்னால் போய் எல்லா அறைக் கதவையும் தட்டியது. தலைகள் எட்டிப் பார்த்தன.

"மூக்கப் பொத்துறவங்க பொத்திக்குங்க! எம் பொண்ணு பாடத்துக்கு நாத்தந்தான் வேணுமாம்!" என்றார். ஏலக் குரல் திரும்பி வந்துவிட்டது. மூன்றாம் மாடியில் பிசிக்ஸ்காரர்கள்கூட ஜன்னலைச் சாத்தினார்கள்.

அடுத்த பத்து நாளில் சங்கவி தூங்கியது கொஞ்சம், தின்றது அதிகம். தினமும் கேரியர் வந்தது, எனக்கும் சேர்த்து. ஓடு காஸ்டிக் சோடாவில் சிவக்கவில்லை. பொடி வெள்ளையாக வந்தது.

இருபத்து நாலாம் தேதி கமிட்டி உட்கார்ந்தது. மூன்று பேர். அதில் வெளியூரிலிருந்து வந்த இராமதாஸ் சாரைப் பார்த்தாலே பேனாவில் மை உறைந்துவிடும் என்பார்கள். நான் தண்ணீர் பாட்டில் வைக்கிற சாக்கில் உள்ளேயே நின்றேன். சங்கவி நீலத் தண்ணீரில் பொடியைப் போட்டுக் கலக்கினாள். அரை மணி நேரத்தில் நீலமெல்லாம் அடியில் படிந்தது. மேலே தெளிந்த தண்ணீர். இரண்டாம் முறை, மூன்றாம் முறை, அதேபோல்.

இராமதாஸ் சாருக்குத் திருப்தி இல்லை. "இதுக்கு முன்னால எட்டு மாசம் ஏன் ஃபெயிலியர்?"

"ஓட்டுல மஞ்சள் கலந்திருந்தது சார். ஓடு குடுத்தவங்க மஞ்சள் போட்டுக் கழுவியிருந்தாங்க."

"என்ன அஜாக்கிரதை! யாரு அந்த சப்ளையர்?"

சிவசங்கரி மேடம் பேச வாயெடுத்தார். உள்ளூர் மீன் வியாபாரி ஒருவர் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. சங்கவி முந்திக்கொண்டாள்.

"எங்க அம்மா சார். தேங்காய்த்திட்டுல ஏலம் எடுத்து தவளக்குப்பத்துல மீன் விக்கிறாங்க. அது மஞ்சள்னு கண்டுபிடிச்சதும் அவங்கதான். நாங்க யாரும் கண்டுபிடிக்கல. வெளியில நிக்கிறாங்க. கூப்பிடட்டுமா?"

இராமதாஸ் சார் பேனாவை மூடி வைத்தார். "கூப்பிடுங்க" என்றார்.

சொர்ணம்மா, தடைக்காலத்தில் கட்டுமரத்தில் வருகிற கொஞ்ச மீனை விற்றுவிட்டு, மார்க்கெட்டிலிருந்து நேராக வந்திருந்தார். நல்ல சேதிக்குக் காத்திருந்தவர், உள்ளே கூப்பிட்டதும் ஏதோ விபரீதம் என்று நினைத்துவிட்டார். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை.

"ஒரு கிலோ ஓட்டுக்கு எவ்வளவு மஞ்சள் போட்டீங்க?" என்று கேட்டார் இராமதாஸ் சார், பேனாவைத் திறந்தபடி. "ஆராய்ச்சியில எழுதணும். சரியா சொல்லுங்க."

சொர்ணம்மா மகளை ஓரக்கண்ணால் பார்த்தார். "நாலு கைப்பிடி."

"நாலா! கொஞ்சம்னு சொன்ன?" என்றாள் சங்கவி.

"உன்கிட்ட சொன்னேன். படிச்சவங்ககிட்ட எப்டி பொய் சொல்றது?"

அந்த இராமதாஸ் சார் சிரித்தார். சிரித்துக்கொண்டே நாலு கைப்பிடி என்று எழுதிக்கொண்டார். மற்ற இரண்டு பேரிடமும் தலையசைத்துவிட்டு, "ஆய்வேட்டை எழுதி முடிக்கச் சொல்லலாம் மேடம். எங்களுக்குத் தடை எதுவும் இல்லை" என்றார்.

வராந்தாவுக்கு வந்ததும் சொர்ணம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். "இன்னாண்ணே சொன்னாங்க? பாஸா?"

"பாஸுதான்."

"ஐயோ, வுடுடி, மேலல்லாம் மீனு" என்று அவர் பின்வாங்கினார். அதற்குள் சங்கவி இரண்டு கையாலும் அம்மாவைக் கட்டிக்கொண்டுவிட்டாள். ஆராய்ச்சிப் பிள்ளைகள், பேராசிரியர்கள், ஆபீஸ்காரர்கள் எல்லாரும் போய்வருகிற நடுவராந்தா. அம்மா எவ்வளவு தள்ளியும், அவர் தோளில் புதைத்த முகத்தைச் சங்கவி எடுக்கவே இல்லை.