கடுதாசித் துவக்குக்காரர்

சவரி அண்ணை போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் இத்தாலியில், நகர நடுவிலுள்ள பொலிதேயாமாவில் வேலைசெய்யும் வீட்டில், ஏணியில் ஏறி நின்று திரைச்சீலை கழற்றிக்கொண்டிருந்தேன். அவருடைய மனைவி றீற்றா அக்காதான் தொலைபேசி எடுத்தார். "பிள்ளை, அண்ணை போட்டார். காலமை தேத்தண்ணியோடை போய்க் கூப்பிடுறன், எழும்பேல்லை" என்றார். ஏணியிலிருந்து இறங்கி, கையில் திரைச்சீலையோடு தரையில் இருந்துவிட்டேன்.

அழுகை உடனே வரவில்லை. 'இனி ஒருவருக்கும் தெரியவராது' என்றுதான் முதலில் நினைத்தேன். பத்து வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்த மனிதரின் சாவுக்கு என் மனம் கொடுத்த முதல் மறுமொழி அது. எழுதக் கூசுகிறது. ஆனால் அதை ஒளித்துவிட்டு இந்தப் பக்கத்தை எழுத எனக்கு வழியில்லை.

முப்பத்தோராம் நாள் திருப்பலிக்கு அடிக்கும் நினைவு மலரில் ஏதாவது எழுதித் தரும்படி அக்கா கேட்டார். எங்கள் பங்கில் உங்களில் பலருக்கு அவரை 'நடுக்கத்தார்' என்று சொன்னால்தான் தெரியும். கோயில் மண்டபத்தில் அவர் கோப்பையைத் தூக்கினால் தட்டுக் கிலுகிலுக்கும், தேத்தண்ணி சேட்டில் ஊற்றும். பிள்ளைகள் சிரித்தார்கள், பெரியவர்களும் சிரித்தோம். கை நடுங்குகிற மனிசனுக்குத் துவக்கு என்னத்துக்கு, பறித்தது நல்ல வேலை என்று என் காதுபடச் சொன்னவர்களும் இருக்கிறீர்கள். உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

மன்னாரிலிருந்து வந்த அவர், ஒரு வழக்கறிஞரின் வீட்டில் இருபத்திரண்டு வருடம் சமைத்தார், துடைத்தார். அந்த வழக்கறிஞர் இளம்வயதில் குறிபார்த்துச் சுடும் போட்டிகளுக்குப் போனவர். அவர் சேர்த்து வைத்திருந்த ஆறு பழைய போட்டித் துவக்குகளுக்கு எண்ணெய் போடுவதும் சவரி அண்ணையின் வேலைகளில் ஒன்றாக இருந்தது. கிழவர் இறந்ததும் பிள்ளைகள் அவற்றைத் தட்டுமுட்டுச் சாமான் என்று தள்ளிவிடப் பார்த்தார்கள். அண்ணை சுடுதளத்தில் சேர்ந்தார், பரீட்சை எழுதினார், பொலிஸ் தலைமையகமான குவெஸ்தூராவில் வரிசையில் நின்று அனுமதி எடுத்தார், ஆறையும் தன்னுடையதாக்கினார். எங்கள் சனத்தில் பெர்மெசோ என்ற வதிவிட அனுமதியைத் தவிர வேறொன்றுக்காக அந்த வரிசையில் சந்தோசமாக நின்ற ஒரே ஆள் அவராகத்தான் இருப்பார்.

ஒரேத்தோவில் அவருடைய வீட்டில் நானும் மகளும் ஓர் அறை எடுத்திருந்தோம். வந்து இரண்டு கிழமைக்குப் பிறகுதான் அந்த இரும்பு அலுமாரிக்குள் இருப்பது என்னவென்று தெரிந்தது. அன்றே புகையிரத நிலையமான ஸ்தாசியோனே பக்கம் வேறு அறை தேடி அலைந்தேன், அகப்படவில்லை. என் முகத்தைப் பார்த்தே அவர் விளங்கிக்கொண்டார்.

"பயப்பிடாதை பிள்ளை. இது ஆரையும் கொல்லுறதுக்குச் செய்ததில்லை. கடுதாசிக்குச் செய்தது. கடுதாசித் துவக்கு" என்றார்.

ஐம்பது மீற்றருக்கு அப்பால் வைத்த கடுதாசி வட்டத்தைத் துளைப்பதைத் தவிர அவற்றுக்கு வேறு தொழில் இல்லை என்று விளக்கினார். ஒன்றில் அடியிலுள்ள நெம்பை இழுத்தால் ரவை போடும் அறை சத்தமில்லாமல் திறக்கும். இன்னொன்றின் அக்ரூட் மரப் பிடிக்கட்டையில் யாரோ ஒருவரின் கன்னம் வருடக்கணக்காக அழுந்திய இடம் மட்டும் மினுங்கும். குறி பார்ப்பது ஊசித்துவாரம் அளவான ஒரு வட்டத்துக்கூடாக. ரவையும் சின்னது, சுண்டுவிரல் நுனியளவுதான் வரும். "மற்ற ரவைக்கு ஊசி நடுவிலை அடிக்கவேணும். இதுக்கு ஓரத்திலை தட்டினால் காணும். மரியாதையான சாமான்" என்பார். துவக்கைப் பற்றி இப்படி ஆசையாகக் கதைக்கும் ஒரு தமிழனை நான் அதுவரை கண்டதில்லை.

என்னைப் பற்றி ஒரு விசயத்தை இங்கே சொல்லவேண்டும். கடைசி யுத்தத்தில், எனக்குப் பதினேழு வயதில், வன்னியில் சண்டைக்கு ஆள் சேர்த்த இயக்கத்தார் என்னைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பத்தொன்பது நாள் துவக்குப் பயிற்சி. இருபதாம் நாள் ஓடிவந்துவிட்டேன். இத்தாலிக்கு வந்து அகதி விசாரணையில் இருந்தபோது, ஆயுதம் தொட்டதுண்டா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். முகாமில் எல்லோரும் அப்படித்தான் சொல்லச் சொன்னார்கள். அந்த 'இல்லை'யின் மேல்தான் என் பெர்மெசோவும் மகளின் பள்ளிக்கூடமும் எங்கள் முழுச் சீவியமும் நின்றன.

நான்கு வருடங்களுக்கு முன்பு அண்ணைக்குக் கண்ணில் ஒப்பரேசன் நடந்தது. கிட்டத்தில் பார்வை தெளிய நாள் எடுத்தது. ஒரு சனிக்கிழமை முற்பகல், துருப்பிடித்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல என்னைக் கூப்பிட்டார். நெம்பு வைத்த அந்தத் துவக்கை எடுத்து, "இதைப் பிடி பிள்ளை" என்று என் கையில் தந்தார்.

பிறகு நடந்ததை நான் செய்தேன் என்று சொல்ல முடியாது. என் கைகள் செய்தன. நெம்பை இழுத்து அறையைப் பார்த்தேன். விரல் விட்டுத் தடவினேன், மூடினேன். குழலை மேலே உயர்த்தி விசையை இழுத்தேன். டிக்.

துவக்கு கையில் வந்தால் முதலில் அதைத்தான் செய்யவேண்டும் என்று பத்தொன்பது நாளும் அடித்துப் பழக்கியிருந்தார்கள். அறைக்குள் அந்தச் சத்தம் நின்றது. அண்ணை துவக்கை மெல்ல வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, நிலத்தைப் பார்த்தபடி சொன்னார்.

"இந்தச் சின்ன ரவைத் துவக்குகளை வெறுமையா இழுக்கக்கூடாது பிள்ளை. ஊசி ஓரத்திலை அடிச்சு இரும்பைக் காயப்படுத்தும். மற்றதுகளுக்குப் பரவாயில்லை."

மற்றதுகளுக்கு. படைத் துவக்குகளைத்தான் சொன்னார்; நான் எங்கே பழகினேன் என்று அவருக்கு விளங்கிவிட்டது.

அதன் பிறகு அந்த வீட்டில் நான் செருப்புச் சத்தம் கேட்காமல் நடந்தேன். அவர் தொலைபேசியில் கதைத்தால் கதவோரம் நின்று கேட்பேன். சுடுதளத்துக்குப் போய் வந்தால் யாருடன் கதைத்தார் என்று முகத்தில் தேடுவேன். அவரோ வழமைபோல, "மீன் வாங்கப் போறன், உனக்கும் எடுக்கட்டோ?" என்று கேட்பார். அந்த அன்பே எனக்குப் பயமாக இருந்தது. தெரிந்துகொண்டு பேசாமல் இருக்கிற மனிதனை என்னவென்று எடுப்பது?

இரண்டு மாதம் கழித்து மரெஷால்லோ வந்தார். பொலிஸ் வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர், அண்ணையின் சுடுதளத்துச் சிநேகிதர். பதவிப் பெயராலேயே எல்லோரும் அவரைக் கூப்பிடுவோம். கோப்பியும் பிஸ்கற்றும் தட்டில் வைத்து நான் கொண்டுபோனபோது அவர் அந்தத் துவக்கைத் திறந்து வெளிச்சத்துக்குப் பிடித்திருந்தார். நகத்தால் அறையின் விளிம்பைத் தடவினார். திரும்பவும் தடவினார்.

"சவேரியோ, இதை யார் வெறுமையாக இழுத்தது?" என்று அண்ணையிடம் இத்தாலியனில் கேட்டார். அண்ணை மறுமொழி சொல்ல முதல் அவரே தொடர்ந்தார்: "குறிபார்த்துச் சுடுகிறவன் இதைச் செய்யமாட்டான். இது படைப்பழக்கம். உன் வீட்டில் படையில் இருந்தவர் யார்?"

கேட்டுவிட்டுத் தலையை நிமிர்த்தினார். அவருக்கு நேரெதிரே தட்டோடு நான் நின்றேன். தட்டில் கரண்டிகள் ஒன்றோடொன்று தட்டுப்பட்ட சத்தம் இப்போதும் கேட்கிறது. அவருடைய கண் என் கையில் வந்து நின்றது.

"நான்தான்" என்றார் அண்ணை. "கை நடுங்குது, மரெஷால்லோ. கொஞ்சநாளா. விசையிலை பட்டிட்டுது." சொல்லிக்கொண்டே என் தட்டிலிருந்து கோப்பியை எடுத்தார். அவருடைய கையில் கோப்பை ஆடியது. கோப்பி மேசைவிரிப்பில் சிந்தியது.

மரெஷால்லோ நேர்மையான மனிதர். சிநேகிதர் என்றபடியால்தான் கூடுதலாகக் கவலைப்பட்டார். நடுங்கும் கையோடு துவக்கு வைத்திருக்கலாகாது, நீயாகவே கொடுத்துவிடு, இல்லாவிட்டால் நான் சொல்லவேண்டி வரும் என்றார். கை நடுங்கவில்லை என்று அண்ணை மாற்றிச் சொல்லியிருந்தால் பழைய கேள்வி திரும்ப வந்திருக்கும். அவர் மாற்றிச் சொல்லவில்லை. தன் கையெழுத்தாலேயே அனுமதியைத் திருப்பிக் கொடுத்தார்.

வடக்கிலிருந்து ஒருவர் வந்து ஆறு துவக்குகளையும் கொண்டுபோனார். அண்ணை ஒவ்வொன்றையும் துடைத்து, அதன் சுகவீனம் இன்னது, அதற்குப் பிடித்த ரவை இன்னது என்று பெண் கொடுப்பவர் மாதிரிச் சொல்லிச் சொல்லிக் கொடுத்தார். நெம்பு வைத்ததைக் கொடுக்கும்போது, "இதுக்கு ஓரத்திலை ஒரு காயம் இருக்கு. நான் செய்தது" என்றார். வாகனம் போனபின் வெறும் அலுமாரியைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். எனக்கு அவரைப் பார்க்க முடியவில்லை. குசினிக்குள் போய் அழுதேன்.

அதோடு முடியவில்லை. ஒருமுறை நடுங்கிய கை பிறகு எப்போதும் நடுங்கவேண்டும் அல்லவா? மரெஷால்லோ எங்கள் கோயிலுக்கு வந்துபோகிறவர். ஆகவே மண்டபத்தில், கடையில், பஸ்தரிப்பில் எல்லாம் நான்கு வருடம் அண்ணை நடுங்கினார். நீங்கள் வைத்த பட்டப்பெயருக்குச் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தார். வீட்டுக்கு வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அக்காவின் தையல் ஊசிக்கு முதல் தடவையிலேயே நூல் கோர்த்துக் கொடுப்பார்.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேன். "அண்ணை, நான் போய்ச் சொல்லட்டோ?"

"என்னத்தைச் சொல்லப்போறாய்? என்ரை கை நடுங்குது. அவ்வளவுதான் கதை" என்றார். என்னிடம்கூட அவர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. நானும் அந்தச் சொல்லுக்குள் ஒளிந்துகொண்டேன். அது என் கோழைத்தனம், வேறு பெயர் இல்லை.

இந்தப் பக்கத்தை எழுதியதும் முதலில் அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். புருசன் வெளியில் நடிக்கிறார் என்பது அவருக்குத் தெரியும். ஏனென்று தெரியாது. கேட்டால் "உனக்குத் தேவையில்லாத கதை" என்று அண்ணை வாயை மூடிவிடுவாராம். வாசித்து முடிந்தபின் அக்கா கேட்டார்.

"அப்ப உன்னாலைதானோ?"

"ஓம் அக்கா."

"துவக்குப் போன பிறகு அந்தாள் ஒழுங்காச் சாப்பிடேல்லை. தெரியுமே உனக்கு?"

தெரியும் என்றேன். வீட்டைவிட்டுப் போகச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் எழும்பிப்போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். "அச்சுக்குக் குடு. பேரையும் போடு" என்றார். அவ்வளவுதான். மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

குடியுரிமைக்கு நான் போட்ட விண்ணப்பம் இன்னும் முடிவாகவில்லை. ஆயுதம் பற்றிய பழைய 'இல்லை' அந்தக் கோப்பிலும் இருக்கிறது. இதை வாசிக்கிற யாராவது ஒருவர் ஓரிடத்தில் ஒரு சொல் சொன்னால் போதும், அது நிராகரிக்கப்படும். மகளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அண்ணையிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அவர் எனக்காகச் சொன்ன ஒரேயொரு பொய். அவர் உயிரோடு இருந்தவரை அது எனக்குக் காவல். அவர் போனபின்னும் நான் அதை வைத்திருந்தால் களவு. நீங்கள் சிரித்த அந்தக் கை ஒருநாளும் நடுங்கவில்லை. விசையை இழுத்தது என் கை.

மரெஷால்லோவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. திருப்பலி முடிந்து மண்டபத்தில் அவர் முன்வரிசையில் இருப்பார். அவருக்கு விளங்கும்படி இதை இத்தாலியனில் நானே வாசிக்கப்போகிறேன்.

சுகந்தி
ஒரேத்தோ