கன்னிக்கு வைத்த கவுன்

மங்கலம் சாலையில் பஸ் நின்றது. சாயத்தண்ணீர் வாடை ஜன்னல் வழியே ஏறியது. பெரியப்பாவின் சாயப்பட்டறையிலும் இதே வாடைதான்.

அக்கா காணாமல் போனபோது எனக்கு ஏழு வயது. "எவனோ தூக்கிட்டுப் போயிட்டானுங்க" என்று பெரியப்பா போலீசிடம் அழுதார். மறுவாரம் பட்டறைத் தொட்டியை மண்போட்டு மூடினார். அந்த ஆடியிலேயே அம்மாவுக்குத் தெரியாமல் புதுக்கவுன் வைத்துக் கன்னிக்குப் படைத்தார். இறந்துபோன பெண்பிள்ளைக்குத்தான் எங்கள் பக்கம் அப்படிப் படைப்பார்கள்.

"அக்கா வந்துருவாள்ல, அப்புறம் எதுக்குங்க பெரியப்பா?"

என் வாயில் பொங்கலைத் திணித்தார். விரலெல்லாம் அதே வாடை. விழுங்கினேன். பட்டறைக்குச் சீல் விழாமலிருக்க, தொட்டியில் விழுந்து செத்த பிள்ளையை மண்ணில் மூடிய விரல்கள் அவை என்று வளர்ந்தபிறகு புரிந்தது. த்தூ!

பஸ் நகரும்போது அம்மா போனில் கேட்டாள்: "அக்காளப் பத்தி ஏதாச்சும் தெரிஞ்சுதா கண்ணு?"

"இல்லீங்கம்மா."

வாடை இப்போது என் வாயிலிருந்து வந்தது.