மூலையில் ஏறிய ஸ்ட்ரெஸ்

தொண்ணூறுகளின் இறுதி. தொம்மலூர் அலுவலகக் கணினியில், அழுத்தக் கலனில் குழாயைப் பற்றவைத்த மூலை தாங்குமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். துல்லியத்துக்காக, கணக்குப் போடக் கலனின் படத்தைப் பிரித்திருந்த கட்டங்களைச் சிறிதாக்கச் சிறிதாக்க, அந்த மூலையில் உலோகம் தாங்கவேண்டிய ஸ்ட்ரெஸ் ஏறிக்கொண்டே போனது. ஊரின் இன்னொரு கோடியில், பீன்யா தொழிற்பேட்டை ஷெட்டில் அதே கலனில் தண்ணீர் ஏற்றிச் சோதனை தொடங்கியிருந்தது, சுற்றிலும் ஆட்கள். போனில் அலறினேன்: "நிறுத்துங்க, வெடிச்சிரும்!"

பக்கத்து மேசை சேவியர் எட்டிப் பார்த்தான். "ஏன் குரு ஊரைக் கூட்டறே? வெல்டோட வளைவை வரையாம கூர்மூலையா விட்டிருக்கே. அப்படின்னா கணக்குல மட்டும் எண் ஏறிட்டேதான் இருக்கும், நிஜத்துல இல்ல."

வளைவை வரைந்தேன், எண் அடங்கியது.

"இப்ப ஏத்தச் சொல்லு."

நிறுத்தச் சொன்ன வாய்க்கு அது வரவில்லை. ஆட்டோவில் பீன்யா போய், கலன் அருகே நின்றுதான் சொன்னேன். கலன் கசியவில்லை, நான்தான் சட்டை நனையக் கசிந்தேன்.

பக்கத்தில் ஆள் நிற்கும் கலனுக்கான கணக்கென்றால் இன்றும் பயம்தான். அந்தப் பயத்தை விடுவதாகவும் இல்லை.