ஓர் அளவு பெரிய சப்பாத்து

சிட்னியின் மேற்கில், வென்ட்வேர்த்வில் வீட்டிலிருந்து அரை மணித்தியாலம் கார் ஓட்டிப் போய், ஒரு பிளாஸ்டிக் மலைக்கு நான் காலைதோறும் தண்ணீர் விடுகிறேன். மலை என்றால் பெரிய மண்மேடுதான். அதன்மேல் பல்தூரிகை முட்கள் போல நெருக்கமாக முளைத்த வெள்ளைப் பாய்களை விரித்திருக்கிறார்கள். நனைத்தால்தான் சறுக்கும். பாடசாலைப் பிள்ளைகள் பனிச்சறுக்குப் பயணம் போகுமுன் இங்கே வந்து நிற்கவும் திரும்பவும் விழவும் பழகுவார்கள். அவர்களுக்குச் சப்பாத்து மாட்டி அனுப்புவது என் வேலை. நான்கு வருடமாகச் செய்கிறேன், பனியை இன்னும் கண்ணால் கண்டதில்லை. "அங்கேயும் இப்படித்தானா?" என்று பிள்ளைகள் கேட்டால், "அங்கே இன்னும் மெத்தென்று இருக்கும்" என்று கூசாமல் சொல்லிவிடுகிறேன். நான் அங்கெல்லாம் போய் வந்தவள் என்றுதான் முதலாளி கிரெக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறார். அவர் கேட்கவுமில்லை, நான் சொல்லவுமில்லை.

முன்கூட்டி வரும் படிவங்களில், பெயரைப் பார்க்காமலே எங்கள் தமிழ் ஆட்களின் பிள்ளைகளைக் கண்டுபிடித்துவிடுவேன். கால் இருபத்துமூன்று சென்ரிமீற்றர் என்றால் இருபத்துநான்கு என்று எழுதியிருக்கும். வளருகிற பிள்ளையாம். இரண்டு மணித்தியாலத்தில் கழற்றித் தரவேண்டிய வாடகைச் சப்பாத்துக்கும் அதே கணக்கு! போதாததற்கு இரண்டு சோடி காலுறை வேறு. சறுக்கும் சப்பாத்தில் விரல்நுனி முன்பக்கத்தை மெல்லத் தொடவேண்டும். தளர்ந்திருந்தால் கால் ஒரு பக்கமும் சப்பாத்து ஒரு பக்கமும் போகும். இதைத் தாய்மாருக்கு விளக்கிச் சொல்லுவேன்.

எனக்கும் அப்படி ஒரு சப்பாத்து இருந்தது. போர்நிறுத்தம் வந்து யாழ்ப்பாணத்துக்கான பாதை திறந்த காலத்தில் எங்கள் பாடசாலை கண்டிக்குச் சுற்றுலா போக ஆயத்தமானது. அம்மா யாழ்ப்பாணம் ரவுனில் வெள்ளைச் சப்பாத்து வாங்கித் தந்தார். ஓர் அளவு பெரிது, முன்னால் பஞ்சு அடைத்தோம். ஆனால் சம்மதக் கடிதத்தில் அம்மா கையெழுத்து வைக்கவே இல்லை. ரியூசனுக்கு என்று சைக்கிளில் போன அண்ணா திரும்பி வராத வீடு எங்கள் வீடு. மற்றப் பிள்ளைகள் எல்லோரும் போய்ப் பத்திரமாக வந்து படம் காட்டினார்கள். அதற்காகவே அம்மாவை எனக்கு நெடுங்காலம் பிடிக்காமல் இருந்தது.

இந்த யூன் மாதம் என் மகள் ஆரணியின் வகுப்பு எங்கள் சறுக்குத் திடலுக்கு வந்தது. அவளுக்குப் பதின்மூன்று வயது. ஸ்னோவி மலைப் பயணத்துக்கான சம்மதக் கடிதம் மூன்று வாரமாகக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிக் கிடந்தது. "நீதானே அந்த வேலையில இருக்கிறாய், நீயே முடிவெடு" என்று கணவர் ஒதுங்கிவிட்டார். அதைக் கொடுக்க மறுநாள் கடைசி நாள். ஆறு மணித்தியால பஸ், தெரியாத மலை, நான் இல்லாத இரவுகள்.

அவள் தோழிகளோடு வரிசையில் வந்து, யாரோ போல என் மேசை முன்னால் நின்றாள். அன்றைய பயிற்சிக்கான படிவத்தைக் கணவர் நிரப்பியிருந்தார். அவளுக்கு இருபத்துநான்கு, அவர் எழுதியிருந்தது இருபத்தைந்து. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருபத்தைந்தைக் கொடுத்தால் அவள் இரண்டடி போவதற்குள் விழுவாள். கிரெக் தன் தாளில் 'தயாரில்லை' என்று எழுதுவார். அப்படி எழுதினால் பாடசாலை அவளைப் பயணத்துக்குக் கூட்டிப்போகாது. நான் மறுக்கவே தேவையில்லை. பெரிய அடி படாது, சின்ன மேடுதானே என்று என்னை நானே சமாதானப்படுத்தினேன். இருபத்தைந்தை எடுத்து அவள் காலில் மாட்டி, கொளுவிகளை ஒவ்வொன்றாக இறுக்கினேன்.

ஆரணி எழுந்து முழங்காலை மடித்துப் பார்த்தாள். பிறகு குனிந்தாள். வெளியில் என்னோடு தமிழே பேசாதவள், தோழிகளுக்குக் கேட்காமல் தமிழில் கேட்டாள்.

"அம்மா, இது லூஸ். வேணுமெண்டே தந்தனீங்களோ?"

எனக்கு முகம் எரிந்தது. கழற்றினேன். இருபத்துநான்கை மாட்டினேன். "விரல் முட்டுதோ?" என்று கேட்டேன். "யெஸ்" என்று ஆங்கிலத்துக்குத் திரும்பி, என்னைப் பார்க்காமலே போனாள்.

அவள் மேட்டிலிருந்து இறங்கியபோது தடுமாறினாள். "கைவிரலை மடக்கிக்கொண்டு இரு!" என்று என்னை அறியாமல் தமிழில் கத்திவிட்டேன். அந்தப் பாயில் கையை விரித்து விழுந்தால் பெருவிரல் மாட்டிக்கொள்ளும். அவள் கையைப் பொத்திப் பக்கவாட்டில் சரிந்து உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி போனாள். "உற்சாகப்படுத்துகிறீர்களா?" என்று கிரெக் கேட்டார். தலையாட்டினேன். அன்று பின்னேரம் குசினியில் குளிர்சாதனப் பெட்டியின் முன்னால் நின்றபடியே கடிதத்தில் கையெழுத்து வைத்தேன். எழுத்துக் கோணலாகத்தான் வந்தது.

பஸ் புறப்பட்ட நாள், திடலில் ஆள் இல்லை. எனக்கு ஓரிடத்தில் இருக்கமுடியவில்லை. நான்கு வருடத்தில் முதல்முறையாக என் அளவில் ஒரு சோடி எடுத்து, பாயோரம் கதிரையில் இருந்து, ஒரு காலில் மாட்டினேன். அப்போது யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா அழைத்தார்.

"பிள்ளையைப் போக விட்டிட்டியே?"

"ஓம் அம்மா."

"ஆர் கையெழுத்து வச்சது?"

"நான்தான்."

அம்மா கேட்டார்:

"அவளுக்குச் சப்பாத்து அளவோ, பிள்ளை?"

பேசிக்கொண்டே எழுந்து நின்றிருந்தேன். ஒரு கால் சப்பாத்துக்குள் பூட்டப்பட்டிருந்தது, விரல்நுனி சரியாக முட்டியது. மற்றக் கால் செருப்போடு ஈரப் பாயில் வழுக்கியது. "அளவுதான் அம்மா" என்றேன். அடுத்த அடி வைக்கத்தான் முடியவில்லை.